வெள்ளி எஞ்சினும் மீன் எண்ணெயும்

அந்த லாரிக்கு மூக்கு நீளம். எஞ்சின் மூக்குக்குள் இருந்தது. பானெட்டை இடது பக்கம் தனியாக, வலது பக்கம் தனியாகத் தூக்கலாம். தூக்கினால் பார்க்கிற மாதிரி ஒன்றும் இருக்காது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பியிருக்கும். மட்டாஞ்சேரிக் காற்றில் மிளகுத் தூசி, மஞ்சள் தூசி, அரிசித் தவிடு எல்லாம் உண்டு. எல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

எழுபதுகளின் கடைசி அது. வண்டி ஒரு குஜராத்தி சேட்டுடையது. சுக்கும் மிளகும் வியாபாரம். வெங்காயம்கூட வீட்டுக்குள் வராத குடும்பம். நான் பதினொரு வருஷமாக அவருக்கு டிரைவர்.

ஒரு திங்கட்கிழமை சேட்டு கோடவுன் வாசலில் நின்று சொன்னார்.

"டிரைவரே, ஆலப்புழை அளியன் வண்டி கேக்கறார். சம்சாரத்தோட அண்ணன். இல்லேன்னு சொல்லப் பற்றுமோ, முடியுமோ?"

"கொடுக்கப் போறீங்களா?"

"ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கட்டும். பழைய சாதனம்தானே."

ஆலப்புழைக்காரரிடம் வேறு டிரைவர் உண்டு. வண்டி போனால் என் வேலையும் கூடவே போகும். அதைச் சேட்டு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சேட்டுக்கு ஒரு பழக்கம். தினமும் காலையில் வந்து பானெட்டைத் தூக்குவார். உள்ளே பார்ப்பார். நாக்கால் ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மூடுவார். எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பார்க்க மட்டும் பார்ப்பார். உள்ளே அழகாக இருந்தால் கொடுக்க மனசு வராது என்று நான் கணக்குப் போட்டேன்.

நான்கு நாள் வேலை. மண்ணெண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தேன். கத்தியால் சுரண்டினேன். பாட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். கயிறு போட்டுக் கட்டியிருந்த ஒயர்களை அவிழ்த்து, வரிசையாக வைத்து, கறுப்பு டேப் சுற்றினேன். எஞ்சினுக்கு வெள்ளிப் பெயிண்ட். ஃபேனுக்குச் சிவப்பு. ஏர் பில்டருக்குப் பச்சை, கோடவுன் கதவுக்கு அடித்ததில் மிச்சம். புகை போகிற குழாயைத் தொடவில்லை. அங்கே எந்தப் பெயிண்டும் ஒரு நாள் நிற்காது.

எல்லாம் ஆயிற்று. ரப்பர் குழாய்கள் மட்டும் சாம்பல் பூத்துக் கிழவன் கை மாதிரி இருந்தன. பெயிண்ட் அடித்தால் வெடித்துவிடும். கோடவுனுக்குப் பின்னால் படகுக் கடவு, வள்ளங்கள் ஒதுங்குகிற துறை. அங்கே ஒரு முஸ்லிம் பெரியவர் வள்ளங்களுக்கு எண்ணெய் பூசுவார். எல்லாருக்கும் அவர் இக்கா. சாளை மீனை வேகவைத்து எடுக்கிற எண்ணெய். பூசினால் பழைய பலகையும் கறுத்து மின்னும். ஒரு சீசாவோடு போனேன்.

"அண்ணாச்சி, கல்யாணம் உனக்கா வண்டிக்கா?"

"வண்டிக்கு."

"மாப்பிள்ளை யாரு?"

"ஆலப்புழை."

"அப்போ நல்லா பூசு. அவங்க முகம் பார்த்துத்தான் எடுப்பாங்க."

சீசா நிறைய ஊற்றிக் கொடுத்தார். குழாய்க்குப் பூசினேன். நன்றாக இருந்தது. மிச்சம் இருந்ததே என்று பெல்ட் படாத இடமெல்லாம் துணியால் ஒற்றினேன். எஞ்சின் மேலேயும் ஒரு கை. வெள்ளி இன்னும் பளபளத்தது. வாசனை என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கடவுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் மூக்கு அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அளியன் காரில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா. நான் பானெட்டைத் தூக்கினேன்.

சேட்டு பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார்.

"இது நம்ம வண்டியா, டிரைவரே?"

"ஆமா."

அவர் முகம் மாறியது. கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அளியனுக்கும் கண் இருக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை.

"இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க. நான் ஏதோ பழசுன்னு நினைச்சேன்" என்றார் அளியன். "இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். ஸ்டார்ட் பண்ணு."

நானே என் வேலைக்குக் குழி வெட்டி, அதற்குப் பெயிண்டும் அடித்து வைத்திருக்கிறேன். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒழுங்காகப் பிடித்தது. கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

எஞ்சின் சூடேறியது. முதலில் ஒரு பூனை வந்தது. அப்புறம் இரண்டு. ஒன்று மட்கார்டில் ஏறி உட்கார்ந்து உள்ளே பார்த்தது. அப்போதுதான் எனக்கும் மணம் தெரிந்தது. சட்டியில் சாளை வறுக்கிற மணம்.

அளியன் ஜிப்பாவைத் தூக்கி மூக்கைப் பொத்தினார்.

"என்ன இது?"

"எஞ்சின்" என்றேன்.

"என்ன பூசினே?"

"எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

"படகுக்குப் பூசறது."

கடவிலிருந்து இக்கா குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, சாளை வெந்தாச்சு போல. கப்பைக்கிழங்கு இருக்கா?"

அளியன் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிச் சேட்டிடம் சொன்னார். "வாசனை போகட்டும். போனதும் எடுத்துக்கறேன்." கார் போய்விட்டது.

சேட்டு துண்டால் மூக்கைப் பொத்தியபடி நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எப்போ போகும்?"

"ஓடணும். சூட்டில எரிஞ்சு போகும்."

"எத்தனை நாள்?"

"சொல்லப் பற்றாது."

இருபது நாளில் போய்விட்டது. அதற்கு மறுவாரம் ஆலப்புழையிலிருந்து கடிதம். அளியன் வருகிறார். நான் சீசாவை எடுத்துக்கொண்டு கடவுக்குப் போனேன். இக்கா சிரித்துக்கொண்டே ஊற்றினார். அளியன் வந்தார், பானெட்டுக்குப் பத்தடி தூரத்திலேயே நின்றார், போனார்.

அப்படியே வருஷங்கள் ஓடின. மழைக்கு முன்னால் வெள்ளிப் பெயிண்ட். கடிதம் வந்தால் மீன் எண்ணெய். அளியன் கேட்டால், ஈரம் பட்டதும் பழைய வாசனை எழுகிறது என்பேன். செக்போஸ்டில் போலீஸ்காரர் கேட்பார், "மீன் லோடா?" சுக்கு என்பேன். நம்ப மாட்டார். தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்வார். அவிழ்ப்பேன்.

எண்பதுகளில் ஒரு தடவை காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டேன். எழுந்து போனால், சேட்டு வண்டிக்கு முன்னால் நிற்கிறார். பானெட் திறந்திருக்கிறது. அவர் மூக்கு உள்ளே இருக்கிறது.

"டிரைவரே."

"சொல்லுங்க."

"வாசனை குறைஞ்சிருக்கே."

நானும் குனிந்து உள்ளே மோந்து பார்த்தேன்.

"அளியன் ஞாயிற்றுக்கிழமை வர்றார். கடிதம் வந்து நாலு நாளாச்சு. நீ கிடப்பில இருந்தே." பானெட்டை அவரே மூடினார். துண்டில் கை துடைத்தார். "சம்சாரத்தோட அண்ணன். இல்லேன்னு என்னால சொல்லப் பற்றாது."

கோடவுனுக்குள் போகத் திரும்பியவர் படியில் நின்றார்.

"இக்கா கடவில உண்டு. இப்போதான் பார்த்தேன்."

சீட்டுக்கு அடியிலிருந்து சீசாவை எடுத்தேன். கடவுக்கு நடந்தேன். ஒரு பூனை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.