அப்பா வாங்கவிருந்த ஓட்டல்

எங்கள் அப்பா ஒரு ஓட்டலை வாங்கப் போகிறார் என்பதைக் குடும்பத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான். அப்படி எதுவுமே இல்லை என்பதைக் கடைசியாகக் கண்டுபிடித்தவளும் நான்தான். இதற்கு நடுவில் ஒரு கோடை முழுவதும் எனக்குச் சரியான நித்திரை இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ஜன்னலைத் திறந்தால் தூண்களுக்கு மேலே மெத்ரோ ரயில் ஓடுவது தெரிகிற வீடு. அப்பாவுக்கு ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் சமையல் வேலை. வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், செய்தி முடிவதற்குள் குறட்டை விடுவார். இப்படி எந்த ஒளிவும் இல்லாத மனிதர் அந்த வருடம் திடீரென்று தொலைபேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தத் தொடங்கினார். எங்கள் குளியலறைக் கதவில் காதை வைத்தால் எல்லாம் கேட்கும். அது அவருக்குத் தெரியாது.

"கூரை இருக்கோ? கடல் பக்கத்துச் சுவர் நிக்குதோ? உள்ளுக்கை போக விடுவினமோ?"

ஒரு மனிதர் எதற்காகக் கூரையையும் சுவரையும் விசாரிப்பார்? லா ஷப்பலில் வளர்கிற பிள்ளைக்கு இதற்கு ஒரே விடைதான். ஊரில், யாழ்ப்பாணத்தில், போர் முடிந்திருந்தது. ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற எங்கள் கடைத்தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பெரியவர்கள் ஊரில் காணி வாங்குகிற கதையைத்தான் கதைத்தார்கள். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் தகப்பனும் இப்படித்தான் முதலில் கூரையை விசாரித்தார். பிறகு வீட்டை வாங்கினார். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை, ஊரோடு போய்விட்டிருந்தாள். அவள் எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தியில் ஒரு மாட்டின் படம் மட்டும் இருந்தது.

அப்பா விசாரித்தது வீடுகூட அல்ல. தீர்த்தக்கரையான கீரிமலையைத் தாண்டிக் கடற்கரையில் இருந்த ஒரு ஓட்டல். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் வந்து தங்கிக் கடல் குளித்த இடம். அப்பாவின் அப்பா, என் அப்பப்பா, அங்கே வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை மிகவும் சின்னது. ஷெல் விழத் தொடங்கி, ஊரே மூட்டை முடிச்சோடு கிளம்பியபோது, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் ஓட்டலைப் பூட்டிப்போட்டு வாறன்" என்று திரும்பிப் போனார். இன்னும் வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவரைப் பற்றிச் சொல்வது போலத்தான் இதைச் சொல்வார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். உலகத்தில் சிலர் பிந்தித்தான் வருவார்கள்.

அந்தக் கதையை அப்படித்தான் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தவர் மாமி. அப்பாவின் அக்கா. புறநகரான சார்செலில் இருந்தார், ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்துவிடுவார். ஊரிலிருந்து புதிதாக வந்த முகம் ஒன்று கடைத்தெருவில் தென்பட்டால் போதும், மறித்து, கைப்பையிலிருந்து அப்பப்பாவின் படத்தை எடுத்துக் காட்டி, எங்கேயாவது கண்டீர்களா என்று கேட்பார். மரக்கறி வாங்க வந்த எத்தனையோ இளைஞர்கள் கையில் வெண்டிக்காயோடு அந்தப் படத்தைப் பார்த்துத் தலையாட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆடி அமாவாசை நெருங்கினால் அந்தக் கடைகளில் காத்தோட்டிக்காய் வந்து இறங்கும். தகப்பன் உயிரோடு இல்லாத ஆண்கள் அன்றைக்கு விரதமிருந்து, தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, அந்தக் கசப்புக் காயைப் பொரித்துச் சாப்பிடுவார்கள். அப்பாவின் வயதுக்காரர் எல்லோரும் ஒரு பையில் அதைக் கட்டிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் பழக்கதோஷத்தில் "அண்ணைக்கும் போடவோ?" என்று கேட்பார். அப்பா வாயைத் திறக்க முன்னர் மாமி முந்திவிடுவார்.

"எங்களுக்குத் தேவையில்லை. எங்கடை அப்பா இருக்கிறார்."

அப்பா குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் என்று அப்பா அறிவித்தபோது, அடுத்த ஞாயிறே மாமியும் பயணச்சீட்டு எடுத்துவிட்டார். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். குற்றம் செய்யப் போகிறவனுக்குப் பக்கத்துச் சீட்டில் பொலிஸ்காரர் வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என் சந்தேகம் கெட்டியானது. பெட்டி அடுக்கும்போது இன்னொன்றும் அகப்பட்டது. சேர்ட்டுகளுக்கு அடியில், மடிப்புக் கலையாத புது வேட்டி. கலியாண வீட்டுக்கே ஜீன்ஸோடு போகிற மனிதருக்கு எதற்கு வேட்டி?

விமானத்தில், அப்பா நித்திரையான பிறகு, மாமி என் பக்கம் சரிந்தார்.

"பிள்ளை, உன்ரை அப்பர் அங்கை போய் என்னவோ செய்யப்போறார். நீ ஆளை விட்டு விலகாதை. என்ன செய்தாலும் ஓடிவந்து எனக்குச் சொல்லவேணும், என்ன?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "உங்களுக்கும் தெரியுமோ மாமி?"

"தெரியாமல்? நான் இருக்குமட்டும் அதைச் செய்ய விடமாட்டன்."

'அது' எது என்று அவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் அவரைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் நாங்கள் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொள்வோம். அம்மா, எனக்குக் கண்ணில் ஏதோ நோய் என்று நினைத்தார்.

யாழ்ப்பாணத்தில் அம்மாவின் சித்தி வீட்டில் தங்கினோம். ஒரு காலையில் அப்பா ஒன்றும் சாப்பிடாமல், ஒரு பையை எடுத்துக்கொண்டு, வாடகைக்கு வான் வண்டி பிடித்து, கடற்கரைக்குப் போய்வருகிறேன் என்றார். நான் முதலில் ஏறிக்கொண்டேன். மாமி எனக்குப் பின்னால் ஏறினார். அம்மா என் தம்பியோடு வீட்டில் நின்றுவிட்டார். வழியில் தடுப்புக் கம்பத்தில் ஒரு சிப்பாய் எங்கள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

ஓட்டலுக்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. கழற்றக்கூடிய எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பாதிக்குக் கூரை இல்லை. மாடிப்படி ஒழுங்காக மேலே ஏறிப்போய் வெறும் ஆகாயத்தில் முடிந்தது. நீச்சல்குளத்தில் எருக்கஞ்செடிகள். சுவர்களில் சிங்களத்தில் கரிக்கோட்டு எழுத்துகள், குண்டு துளைத்த ஓட்டைகள். வாசலுக்கு நேர் எதிரே, கடல் பக்கத்துச் சுவரில், ஒரு பஸ் போகிற அளவுக்குப் பெரிய துவாரம். அதற்குள்ளால் கடல் நீலமாக, ஒன்றுமே நடவாதது போலக் கிடந்தது.

மாமி வானைவிட்டு இறங்கவில்லை. "நான் உந்தக் கல்லுக் குவியலுக்கை வரேல்லை. நீ போ பிள்ளை," என்று கண்ணால் கட்டளையிட்டார்.

நான் அப்பாவின் பின்னால் போனேன். அவர் எதையும் அளந்து பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. அது என்னை ஏமாற்றவில்லை. சந்தையில் மீன் வாங்கும்போதும் அவர் மீனைப் பார்க்காதவர் போலத்தான் நிற்பார். வரவேற்பு மேசை மட்டும் சீமெந்தில் கட்டியிருந்ததால் அப்படியே இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் நின்றார். மேசை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, இஞ்சை பள்ளிக்கூடம் இருக்கோ?"

"முந்தி இருந்தது. நல்ல பள்ளிக்கூடம். ஏன்?"

"சும்மா."

பள்ளிக்கூடத்தையும் பார்த்துவைத்துவிட்டார்.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஓட்டிவந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். குடுமி. ஐயர். இறங்கும்போதே குறை சொல்லிக்கொண்டு இறங்கினார்: "கீரிமலையிலை சனம் நெருக்கிக்கொண்டு நிக்குது. நீங்கள் என்னடா எண்டால் இந்தப் பாழடைஞ்ச இடத்துக்குக் கூப்பிடுறியள்."

ஐயரைக் கண்டவுடன் எனக்கு மிச்சமிருந்த ஐயமும் தீர்ந்தது. லா ஷப்பலில் கைத்தொலைபேசிக் கடை திறந்தாலும் ஐயர் வருவார், சிகையலங்காரக் கடை திறந்தாலும் ஐயர் வருவார். தேங்காய் உடைக்காமல் யாரும் ஷட்டரை மேலே தூக்கியதில்லை. ஓட்டல் வாங்குவதென்றால் வராமல் இருப்பாரா?

அப்பா கடலில் முழுகி எழும்பிவந்து தூணின் மறைவில் அந்தப் புது வேட்டியைக் கட்டினார். "தெற்கைப் பாத்து இருங்கோ," என்றார் ஐயர். அது எங்கள் வடக்குக் கடல். தெற்கைப் பார்த்து இருந்தால் கடல் முதுகுப் பக்கமும் ஓட்டல் முகத்துக்கு நேரேயும் வரும். வாங்குகிற சாமானைப் பார்த்தபடி வாங்குவதுதானே முறை. ஐயர் அப்பாவின் விரலில் புல்லால் ஒரு மோதிரம் போட்டார். நான் உடைந்த சுவரின் மறைவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தகப்பனார் பேர்?"

அப்பா சொன்னார்.

"அவரின்ரை தகப்பனார்?"

அதையும் சொன்னார்.

"அவரின்ரை?"

அப்பா விழித்தார்.

எனக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. அரசாங்கக் காரியாலயமான பிரெஃபெக்தூருக்கு அப்பாவோடு மொழிபெயர்ப்புக்குப் போகிறவள் நான்தான். அங்கேயும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இப்படித்தான் கேட்பார்கள். ஒரு பெயரில் தடுமாறினாலும் இன்னொரு நாள் வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வியாபாரத்தை இன்னும் நிறுத்த முடியும். நான் ஓடினேன்.

"மாமி! அப்பா கடற்கரையிலை ஐயரோடை இருக்கிறார். துவங்கியாச்சு!"

மாமி வானிலிருந்து இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. கடற்கரைக்கு ஓட்டலுக்குள்ளால்தான் வழி. வரவேற்பு மேசைக்கு முன்னால் வந்ததும் அவர் நின்றார். ஒரு கணம்தான். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரின் துவாரத்தால் வெளியே பாய்ந்தார்.

"எழும்படா! உயிரோடை இருக்கிற மனிசனுக்கோ எள்ளுத் தண்ணி விடுறாய்?"

அப்பா எழும்பவில்லை. கையில் ஏந்தியிருந்த தண்ணீரும் சிந்தவில்லை.

"அக்கா, நான் சொல்லுறதைக் கேள். அவர் உயிரோடை இருந்தால் இந்தத் தண்ணி அவரை ஒண்டும் செய்யாது. இல்லையெண்டால், இவ்வளவு காலமும் மனிசன் தாகத்தோடை நிக்கிறார். பெத்த மகன் நான் இருக்க."

இருவரும் வேகமாகக் கதைத்தால் எனக்குப் பாதிதான் பிடிபடும். யாருக்குத் தாகம் என்று யோசித்தேன். தண்ணீர் அப்பாவின் கையில்தானே இருக்கிறது, குடித்தால் என்ன?

மாமி திரும்பித் துவாரத்துக்குள்ளால் அந்தக் கட்டிடத்தைப் பார்த்தார். அங்கேயிருந்து யாராவது வரக்கூடும் என்பது போலப் பார்த்துக்கொண்டே நின்றார். அலை வந்து அவருடைய செருப்பில்லாத காலை நனைத்துவிட்டுப் போனது.

ஐயர் தொண்டையைச் செருமினார். "பேர் தெரியாட்டிப் பரவாயில்லை. பொதுவாகச் சொல்லியும் விடலாம். அங்கை சனம் பாத்துக்கொண்டிருக்குது."

"பொதுவாகவோ?" மாமியின் குரலில் பழைய அதிகாரம் கொஞ்சம் திரும்பி வந்தது. "பேர் இல்லாத ஆக்களோ நாங்கள்? செய்யிறதெண்டால் ஒழுங்காய்ச் செய்யவேணும்."

பிறகு ஒரு பெயரைச் சொன்னார். பழைய காலத்து, நீளமான பெயர். ஒருமுறை சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஐயர் அதைத் திருப்பிச் சொன்னார். அப்பா திருப்பிச் சொன்னார். விரல்களுக்கு நடுவால் தண்ணீர் ஒழுகி, கறுப்பு எள்ளோடு மணலில் இறங்கியது.

செய்ய விடமாட்டேன் என்ற மாமி, கடைசிப் பெயரைத் தானே கொடுத்து எல்லாவற்றையும் முடித்துவைத்துவிட்டார். இனி எனக்கு ஒருவரும் இல்லை. ஆகாயத்தில் முடிகிற அந்த மாடிப்படிக்குக் கீழேதான் இனி என் கட்டில். என் சிநேகிதிகளுக்கு நானும் மாட்டின் படம் அனுப்பவேண்டியதுதான். ஓவென்று அழத் தொடங்கினேன்.

"பாருங்கோ," என்றார் ஐயர், தன் சாமான்களைப் பைக்குள் வைத்தபடி. "வெளிநாட்டிலை பிறந்த பிள்ளை. ஆனாலும் இரத்தம் எல்லோ. விளங்குது பாருங்கோ."

மாமி மணலில் மடிந்து உட்கார்ந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். என்னைவிடச் சத்தமாக அழுதார். காட்டிக்கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். நான் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமி குளித்துவிட்டு நேரே குசினிக்குள் போனார். அம்மாவையோ அவருடைய சித்தியையோ அடுப்புப் பக்கம் விடவில்லை. எல்லாம் தானே சமைத்தார். மத்தியானம் தாண்டிவிட்டது. அறையின் ஒரு மூலையில் வாழையிலை விரித்து, சோறு, கறிகள், வடை, பாயசம் என்று ஒன்றுவிடாமல் பரிமாறி, ஒரு செம்பில் தண்ணீரும் வைத்தார். அதற்கு முன்னால் ஒருவரும் உட்காரவில்லை. எல்லோரும் அந்த இலையைப் பார்த்தபடி நின்றார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. ஓட்டல்காரர் சாப்பாட்டுக்கு வருகிறார். வந்து சாப்பிட்டுக் கைகழுவியதும் பத்திரம் எழுதிவிடுவார்கள்.

"ஆர் வரப்போயினம் மாமி?" என்று கேட்டேன்.

அப்பா அக்காவைப் பார்த்தார். அம்மா என் தோளைத் தொட்டார். மாமி இலையின் ஓரத்தில் சரிந்திருந்த வடையை நேராக்கி வைத்தார்.

"ஒருத்தரும் வரமாட்டினம் பிள்ளை," என்றார். "இனி வரமாட்டினம். நீ இருந்து சாப்பிடு."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஓட்டல்காரர் மனம் மாறிவிட்டார். வியாபாரம் முறிந்துவிட்டது, செப்டம்பரில் நான் என் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். சம்மணம் கட்டி உட்கார்ந்தேன். காலையிலிருந்து இருந்த பயமெல்லாம் பசியாகிவிட்டது. சோறு கேட்டேன், திரும்பவும் வடை கேட்டேன். மாமி போட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான்.