முற்றத்துக்கு வருமட்டும் சொல்லாதே

"மாமி, உங்கட கார் இன்னும் பிறக்கல்ல" என்று ஜப்பானிலிருந்து மருமகன் சொன்னபோது வந்த ஆத்திரத்தில், போனைக் கொண்டுபோய்க் களப்பில் எறிந்திருப்பேன். எழும்பி நடக்க முடிந்திருந்தால் எறிந்துதான் இருப்பேன். ஓடர் கொடுத்து மாதக்கணக்காகிவிட்டது. இன்னும் பிறக்கவில்லையாம்!

"இது கடையில தொங்குற சட்டை இல்ல மாமி. ஓடர் போன பிறகுதான் பெக்டரியில செய்யவே தொடங்குவாங்க. உங்களுக்கு முன்னால எத்தனையோ பேர்ட கார் வரிசையில நிக்குது" என்றார் மருமகன். அவர் அங்கே வாகன யார்ட் ஒன்றில் வேலை செய்கிறார், நல்ல பிள்ளை. ஆனால் எதையும் ஆறுதலாகச் சொல்வார், அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான் கற்பிட்டியில் ஒரு கருவாட்டு வியாபாரியின் மனைவி. பாலாவி ரோட்டில் ஓட்டோ பிரண்ட நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு இல்லை. வாய் மட்டும் பழுதில்லாமல் வேலை செய்கிறது என்று என் மனிசன் சொல்வார். புகழ்ந்து சொல்வதாக நான் நினைக்கவில்லை.

விழுந்த பிறகு எங்கே போவதென்றாலும் என்னைத் தூக்க வேண்டும். மனிசன் தனியாகத் தூக்கித் தூக்கி அவருடைய இடுப்பு நாரியும் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஒரு கலியாண வீட்டில், மண்டபப் படியில் என்னைப் பிளாஸ்டிக் கதிரையோடு நாலு ஆம்பிளைகள் தூக்கினார்கள். பாதிப் படியில் கதிரைக் கால் மடங்கி நான் சரிந்துவிட்டேன். முக்காடு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மேல்படியில் நின்ற ஒரு பெட்டை போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு நின்றது. யா அல்லாஹ், அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனிசனிடம் சொல்லிவிட்டேன்: "இனி என்னத் தூக்குறதெண்டா மையத்தா சந்தூக்குப் பெட்டியில வெச்சுத் தூக்குங்க. உசிரோட ஒருத்தனும் தூக்கத் தேவயில்ல." சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு வீட்டு வாசலை நான் தாண்டவில்லை.

வருசக்கணக்காய் மூடிக்கிடந்த வாகன இறக்குமதியை அரசாங்கம் திறந்தது. அந்தக் கிழமையே மருமகன் ஒரு படம் அனுப்பினார். பெட்டி மாதிரி உயரமான சின்னக் கார். பின்கதவு மேலே திறக்கும், உள்ளேயிருந்து ஒரு சரிவுப் பலகை நிலத்துக்கு இறங்கும், வீல்செயாரை ஒரு பட்டி பிடித்து மெல்ல உள்ளே இழுக்கும். இருந்தபடியே ஏறலாம், இருந்தபடியே இறங்கலாம், ஒரு கை என்னில் படாது. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிசன் கருவாட்டு வாடிக் கொட்டிலில் கிடந்த அளவு நாடாவை எடுத்து வந்து, வீல்செயாரில் இருந்த என்னை நிலத்திலிருந்து உச்சந்தலை வரைக்கும் அளந்தார். ஓடருக்கு அந்த அளவைப் பெக்டரியில் கேட்டார்களாம். முக்காட்டோடு அளக்கவா, இல்லாமல் அளக்கவா என்று அவர் யோசித்து நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அளந்த கையோடு ஒரு சட்டமும் போட்டார். "வந்து முத்தத்தில நிக்குமட்டும் ஈ எறும்புக்கும் சொல்லாத. கண்ணூறு பட்டுடும்." முன்பு மீன்பிடிப் போட்டுக்குப் புது எஞ்சின் வாங்கியபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்து, முதல் கிழமையே அது இறுகிப்போனதை அவர் மறக்கவில்லை.

"ராத்தாவுக்குமா?" என்று கேட்டேன்.

"முதல்ல அவவுக்குத்தான் சொல்லக்கூடாது. அவவுக்குச் சொன்னா வண்ணாத்திவில்லு பஸ் முழுக்கத் தெரியும்."

ராத்தா என்றால் என் மூத்தவ. வண்ணாத்திவில்லில் மகளோடு இருக்கிறா. நான் விழுந்ததிலிருந்து கிழமைக்கு ஒரு தரம் ரெண்டு பஸ் மாறி வருவா. என் தலையைக் கழுவி, சிக்கெடுத்து, பின்னி, என்னோடு ஒரு சண்டையும் பிடித்துவிட்டுப் போவா. கடைசியாக வந்த அன்றைக்கும் அப்படித்தான். சீப்பால் வறட்டு வறட்டென்று இழுத்தா. "மயிரப் பிடுங்கவா வாறீங்க? இப்பிடியெண்டா வராதீங்க!" என்று கத்திவிட்டேன். நான் அப்படிக் கத்துவதும் அவ அடுத்த கிழமை வருவதும் வழக்கம்தான். ஆனால் அடுத்த கிழமை அவவுக்கு வயிற்றில் வலி தொடங்கிவிட்டது. பஸ் ஏற ஏலாமல் போய்விட்டது.

அங்கேயிருந்து போன் எடுத்துக் கேட்பா. "நீ வாவன்டி."

"வாறன் ராத்தா."

"எப்ப?"

"இந்தா வாறன்."

"லொறி இருக்குத்தானே? மச்சானிட்டச் சொல்லி வாவன்."

நான் என்ன சொல்ல? கார் வருகிறது என்ற சொல் நாக்கு நுனியில் நிற்கும். மனிசன் எதிரில் இருந்து கண்ணை உருட்டுவார், நான் விழுங்கிக்கொள்வேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்குள்ளும் ஒரு ஆசை இருந்தது. ராத்தாவின் முற்றத்தில் அந்தக் கார் போய் நிற்க வேண்டும், பின்கதவு திறக்க வேண்டும், நான் ராசாத்தி மாதிரித் தனியாக இறங்கிவர வேண்டும், அவ வாயில் கையை வைக்க வேண்டும்.

ஒரு நாள் ராத்தாவின் மகள் போன் எடுத்துச் சொன்னாள். வயிற்றில் கட்டி ஒன்று இருக்கிறதாம், கெதியாக வெட்ட வேண்டுமாம். "ஆனா உம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாவாம் சாச்சி. போனா திரும்பி வருவனோ தெரியா, தங்கச்சியப் பாத்துட்டுத்தான் போவன் எண்டு பிடிவாதமா நிக்கிறா."

ராத்தா எனக்குக் காத்திருக்கிறா. நான் காருக்குக் காத்திருக்கிறேன். கார் ஜப்பானில் கதவில்லாமல் நிற்கிறது.

அந்த நாட்களில் மருமகன் ஒவ்வொன்றாகச் சொல்லுவார்: பெயின்ற் அடித்தாயிற்று, பலகை பூட்டுகிறார்கள், கப்பலுக்குப் போகிறது. இங்கே மனிசன் மஃரிபு தொழுத கையோடு செய்திக்கு முன்னால் இருந்துவிடுவார். வாகன இறக்குமதியைத் திரும்பவும் மூடப் போகிறார்கள் என்று சந்தையில் தினமும் ஒரு கதை. செய்தி முடியும்வரை ரெண்டு பேரும் மூச்சுவிட மாட்டோம். முடிந்ததும் அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். நான் உடனே வண்ணாத்திவில்லுக்கு எடுப்பேன். "வலி எப்பிடி?" என்று கேட்டால் ராத்தா "இருக்கு" என்று மட்டும் சொல்லுவா. பிறகு பிறகு அவ போனுக்கே வரவில்லை.

"சாச்சி, கோவிக்காதீங்க," என்றாள் ராத்தாவின் மகள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "தங்கச்சிக்கு என்னில என்ன கோவமெண்டு கேளு எண்டு உம்மா சொல்றா. தல வாரினதுக்கா எண்டு கேக்கச் சொல்றா."

போனை மடியில் போட்டுவிட்டு அழுதேன். மனிசனிடம் சொன்னேன்: "நான் சொல்லப்போறன். கண்ணூறும் வேணாம் ஒண்டும் வேணாம்."

"இப்பவா? கப்பல்ல ஏறிட்டுதுடி! நடுக்கடல்ல நிக்குற சாமானுக்குத்தான் கண்ணூறு கெதியாப் படும். இன்னும் கொஞ்சம் பொறு. வந்த உடனே நேர அங்கதான் போறம்."

பொறுத்தேன். என்ன புத்தியோ, பொறுத்தேன். கப்பல் வந்தது. துறைமுகத்தில் கார் இறங்கியது. இறங்கியதை வெளியே விடவில்லை. அந்தச் சரிவுப் பலகை என்ன சாமான், எதற்கு என்று யாரோ வந்து பார்க்க வேண்டுமாம். பார்க்கிறவர் நாளைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்றே நாட்கள் போயின. அப்படி ஒரு காலையில்தான் ராத்தாவின் மகள் அழுதுகொண்டு எடுத்தாள். காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்கிறது, இன்றைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார் டொக்டர், உம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறா.

நான் மனிசனைக் கூப்பிட்டேன். "லொறிய எடுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். "ரெண்டு நாள்ல கார் வந்துடும்."

"காரும் மண்ணாங்கட்டியும்! லொறிய எடுங்க எண்டன்."

"உன்னத் தூக்கணுமே. சந்தூக்கிலதான் எண்டு சொன்னியே."

"இப்பிடியே இருந்தா சந்தூக்கில போகப்போறது நானில்ல, ராத்தா. என்னத் தூக்குங்க!"

பக்கத்து வீட்டுப் பொம்பிளைகள் ரெண்டு பேர் காலைப் பிடிக்க, மனிசன் நாரிவலியோடு அக்குளைப் பிடிக்க, கருவாட்டு லொறியின் முன் சீற்றில் என்னை ஏற்றினார்கள். தெருவே பார்த்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

தலவிலத் தேவாலயத்தில் பெருநாள் காலம். சந்தியில் பஸ்கள் அடுக்கடுக்காய் நின்றன, சனம் பாயும் பானையுமாக ரோட்டில். லொறி அசையவில்லை. மனிசன் இறங்கிப் போய்ப் பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் கெஞ்சினார், நோயாளி, நோயாளி என்று. பொலிஸ்காரர் எட்டிப் பார்த்து, நோயாளி நான்தான் என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை, முகத்தையும் அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டேன். வழி விட்டார்.

வண்ணாத்திவில்லில் யாரோ ரெண்டு ஆம்பிளைகள் என்னைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். முக்காடு நழுவி நிலத்தில் இழுபட்டது. இழுபடட்டும். கட்டிலில் ராத்தா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தா. பாதியாகிப் போயிருந்தா. என்னை அவவின் பக்கத்தில் வைத்தார்கள்.

"ராத்தா, கார் ஒண்டு ஓடர் பண்ணியிருக்கு. என்னத் தூக்காம ஏத்துற கார். அதுலதான் உங்களிட்ட வரணுமெண்டு இருந்தன். கண்ணூறு பட்டுடுமெண்டு உங்களுக்குக்கூடச் சொல்லல்ல."

அவ திரும்பினா. என் முகத்தை, நழுவின முக்காட்டை, தொங்கின காலை எல்லாம் பார்த்தா.

"காரையாடி நான் கேட்டன்?" என்றா. "உன்னத்தானே கேட்டன்."

அதுக்குப் பிறகு கட்டில் சட்டத்தில் இருந்த கை தானாக விட்டது. அந்தக் கையால் என் முக்காட்டைத் தேடி எடுத்துத் தலையில் போட்டா. "தல என்ன இது, காக்காக் கூடு? ஆரும் வாரல்லயா?" என்றா. நான் ஓவென்று அழுதேன்.

புத்தளம் ஆஸ்பத்திரிவரை லொறியின் முன் சீற்றில் அவவின் தலை என் மடியில் கிடந்தது. அன்றைக்கே வெட்டினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் தப்பியிருக்க மாட்டா என்றார் டொக்டர்.

ஆஸ்பத்திரியில் ராத்தாவுக்கு டிஸ்சார்ஜ் துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் எங்கள் முற்றத்துக்குக் கார் வந்தது. மனிசன் பள்ளிவாசல் மோதினாரைக் கூப்பிட்டு ஓதிவிட்டுத்தான் ஓட்டுவேன் என்றார். "ராத்தாவக் கூட்டிக்கொண்டு வந்து ஓதுவம்" என்றேன். பின்கதவு திறந்தது, பலகை இறங்கியது, பட்டி என்னை மெல்ல உள்ளே இழுத்தது. ஒரு கை என்னில் படவில்லை. தலவில தாண்டுமட்டும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ராத்தா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றா. முன் சீற்றில் ஏறக் குனிந்தவ "அல்லாஹ்வே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டா. தையல் இழுத்தது. ரெண்டாம் தரமும் பார்த்தா, ஏலவில்லை. குனியாமல் ஏறக்கூடியது பின்னால் வீல்செயார் நிற்கிற இடம் ஒன்றுதான், அதில் நான் இருந்தேன்.

"பலகய இறக்குங்க," என்றேன் மனிசனிடம். இறங்கினேன். "என்னத் தூக்கி முன்னால வைங்க. ராத்தா என்ட செயார்ல வரட்டும்."

"இவ்வளவு சனம் பாக்குதே," என்றார் மெதுவாக.

"பாக்கட்டும்."

வாசலில் நின்ற ஓட்டோக்காரர் ரெண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. பார்த்த சனத்தை நானும் பார்த்தேன். பின்னால் ராத்தாவைப் பட்டி மெல்ல உள்ளே இழுத்தது.

"கெதியாக் கதவ மூடச் சொல்லுடி," என்றா ராத்தா என் தலைக்குப் பின்னாலிருந்து. "எல்லாரும் பாக்குறாங்க, கண்ணூறு பட்டுடும்."

"காருக்கா?"

"காருக்கு என்ன வந்தது? நம்ம ரெண்டு பேருக்கும்," என்று சொல்லி, என் முக்காட்டுக்குள் கையை விட்டுச் சிக்கெடுக்கத் தொடங்கினா.