மாமா திருகிய கிரெஸெண்டோ

பதினொரு வயதுவரை, கிரெஸெண்டோ என்பது என் தாய்மாமாவின் வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். கொருக்குப்பேட்டையில், தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் அது அப்படித்தான் நடந்தது.

எங்களிடம் இருந்தது பியானோ இல்லை, கீபோர்டு. அதிலும் பழசு. கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இடது ஓரத்தில் ஒரு குமிழ் உண்டு. மேற்கத்திய இசைத் தாளிலோ வரிக்கு வரி, இங்கே கூட்டு, அங்கே குறை என்று போட்டிருக்கும். கூட்டுவதற்குப் பெயர் கிரெஸெண்டோ, குறைப்பதற்கு டிமினுவெண்டோ. என் இரண்டு கைகளும் கட்டைகளில் இருக்கும்போது குமிழை யார் திருகுவது?

மாமாதான் திருகினார். துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுவது அவர் உத்தியோகம். கப்பலின் அடியில் கிடக்கும் சரக்கு, மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குத் தெரியாது. மாமாவின் விரல் மேல்நோக்கிச் சுழன்றால் தூக்குவார், கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்குவார், இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால் அப்படியே நிறுத்திவைப்பார். கல்யாணம் ஆகாத மனிதர். காலை ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக் குமிழைப் பிடித்துக்கொள்வார். எட்டு மாதம் ஒருநாள் தவறாமல் வந்தார்.

சனிக்கிழமைகளில் மாதா கோயில் ஹாலில் மிஸ் வகுப்பு எடுத்தார். பத்துப் பிள்ளைகள், பத்துக் கீபோர்டு, பத்து ஹெட்போன். மிஸ் எங்கள் விரல்களைத்தான் பார்ப்பார். எங்கள் காதில் விழுந்தது என்ன என்பது எங்களுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து நடத்தும் மேற்கத்திய இசைத் தேர்வுக்காக மிஸ் ஒரு தாள் கொடுத்திருந்தார். முழுக்க ரொமாண்டிக் காலத்துச் சொற்கள், அதற்குப் பின்னால் வந்து சட்டதிட்டங்களை உடைத்தவர்களின் சொற்கள். நான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன், மாமா அதைத் தன் பாஷைக்குக் கொண்டுவந்துவிடுவார். ருபாட்டோ என்றால் ஓரிடத்தில் தாளத்தைத் தாமதித்து இன்னோரிடத்தில் ஈடுகட்டுவது. "ஸ்டாப்பிங்ல லேட் பண்ட்டு, ரோட்ல வுட்டுப் புடிக்கிறான் பாரு நம்ம பஸ்காரன், அதான்" என்பார். லைட்மோட்டிஃப் என்றால் கதையில் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சின்ன மெட்டு. "பஞ்சுமிட்டாய்காரன் மணி. ஆளே தெர்ல, ஆனா மணி கேட்டதும் நீ துட்டு கேட்டு அயுவுற பாரு, அதான்." அட்டோனல் என்பதற்கு, ஆதார சுரமே இல்லாமல் அலையும் இசை என்று படித்துக் காட்டினேன். மாமா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அத்த இன்னாத்துக்குக் கேக்குறாங்க?" என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் மிரட்டல் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குக் கூட்ஸ் ஷெட்டில் ராத்திரி டூட்டி. பகலில் தூங்க வேண்டும். அவர் கட்டில் போட வேண்டிய இடத்தில் கீபோர்டு நின்றதால் எட்டு மாதமாகச் சமையலறை வாசலில் பாய் விரித்துப் படுத்தார். அந்தக் கோபம் அவருக்கு உள்ளுக்குள் இருந்தது.

"பாஸானா இருக்கட்டும். ஃபெயிலானா அன்னிக்கே பொட்டி நெட்டுக்குப்பம் போய்டும். என் தங்கச்சி புள்ளைங்க வாசிக்கட்டும்" என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீட்டில் மாதாவே வந்து பேசினாலும் அது மாறாது.

தேர்வு எழும்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். மாமா லீவு போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, என்னை வண்டியில் ஏற்றிக் கிளம்பினார். தெரு முனையிலேயே ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. நான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்து நாற்பதில் அழுதுவிட்டேன். "அயுவாத பாப்பா, ருபாட்டோல வுட்டுப் புடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு, மாமா பேசின்பிரிட்ஜில் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அதை அம்மாவிடம் இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.

மற்றப் பிள்ளைகள் பத்து நிமிஷம் முன்னதாக வந்து வேறொரு அறையில் வாசித்துப் பழகியிருந்தார்கள். எனக்கு அதற்கு நேரமில்லை. போய் இறங்கும்போதே என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையப் போனேன். வாசலில் நின்ற அக்கா எங்கள் இருவரையும் பிரித்துவிட்டார்.

"ஸ்டூடண்ட் மட்டும்தான்."

"நான் அதுக்கு வால்யூம் வைக்கணும்மா" என்றார் மாமா.

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சுவரோரம் கறுப்பாக, பீரோ சைஸில் பியானோ. அதுவரை நான் பியானோவைத் தொட்டதே இல்லை. உட்கார்ந்ததும் இடது ஓரத்தைப் பார்த்தேன். குமிழ் இல்லை. வலது ஓரத்திலும் இல்லை.

முதல் வரியை வாசித்தேன். சத்தம் எங்கேயோ பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் வந்தது. இரண்டாவது வரியில் கிரெஸெண்டோ ஆரம்பம். அந்த இடத்தில் எப்போதும் மாமாவுக்கு ஜாடை காட்ட இடது பக்கம் கொஞ்சம் சாய்வேன். சாய்ந்தேன். அங்கே யாரும் இல்லை. நான் நிறுத்திவிட்டேன்.

தாத்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார், புரியவில்லை. ஒரு நொடியில் கண்முன் எல்லாம் வந்து போனது: கீபோர்டை அப்பா பழைய சேலையில் சுற்றுகிறார், ஷேர் ஆட்டோவில் ஏற்றுகிறார், நெட்டுக்குப்பத்து அத்தை மகன் அதைத் தபேலா மாதிரி தட்டுகிறான். அழுகையை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தேன்.

தாத்தாவின் தலைக்கு மேலே, ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மாமா நின்றுகொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. வாசிப்பு நின்றுபோனது மட்டும் கேட்டிருக்கிறது. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். வலது கையை உயர்த்தி, விரலை மேல்நோக்கிச் சுழற்றினார்.

தூக்கு.

எதைத் தூக்குவது? குமிழ்தான் இல்லையே. பயத்திலும் ஆத்திரத்திலும், ஏன் என்று தெரியாமலே, கட்டைகளை ஓங்கி அழுத்தினேன். பியானோ உறுமியது. அட மாதாவே! இன்னும் அழுத்தினேன், இன்னும் உறுமியது. அவர் விரல் கீழே திரும்பியபோது நானும் கையைத் தளர்த்தினேன், சத்தம் தணிந்தது. ஃபெர்மாட்டா வந்த இடத்தில், அதாவது ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில், அவர் இரண்டு கைகளையும் கோத்தார். நான் விரலை எடுக்காமல் காத்திருந்தேன். அந்தச் சுரம் தானாகவே மெலிந்து மெலிந்து அடங்கியது. எங்கள் கீபோர்டில் அப்படி எதுவும் அடங்கியதே கிடையாது.

நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்க்கத் தாத்தா சட்டென்று திரும்பினார். என் உயிர் போய்விட்டது. மாமா தூக்கிய கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு, மரத்தில் காக்காயைத் தேடினார்.

தாத்தா மறுபடி என் பக்கம் திரும்பினார். தாளில் ஃபெர்மாட்டா குறியைத் தொட்டு, இது என்ன என்றார். இங்கிலீஷ் மொத்தமும் மறந்துபோய், இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக் காட்டினேன். அவர் ஜன்னலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், எழுதிக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து முடிவு வந்தது. பாஸ், அதுவும் தட்டுத்தடுமாறி. தொடக்கத்தில் தடுமாற்றம், பிறகு ஒலியின் ஏற்ற இறக்கம் துணிச்சலானது என்று குறிப்பில் எழுதியிருந்தது. அதை மிஸ் தமிழில் சொல்லக் கேட்டதும் அப்பா, "இருந்துட்டுப் போட்டும்" என்றார். அதோடு விடாமல், கோயிலில் துணி மூடிக் கிடந்த பழைய பியானோவில் நான் தினமும் பழகலாமா என்று அவரே போய் ஃபாதரிடம் கேட்டுவிட்டு வந்தார். ஃபாதர் நாலு மணிக்கு வரச் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று நாலு மணிக்கு மாமா வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டதும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மாமா, இனிமே நீ வர வேணாம். சத்தம் என் கையிலயே கீது!"

அழுத்தினால் ஏறுவதையும் தளர்த்தினால் இறங்குவதையும் அவர் தோளிலேயே வாசித்துக் காட்டினேன். மாமா சிரித்தார். "சோக்கா கீது பாப்பா" என்றார். ஸ்டூலை எடுத்து, அது இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.

அம்மா டீயோடு வந்தாள். "குந்துடா, எங்க கெளம்பிட்ட?" என்றாள்.

"இல்லக்கா, நாளைலேந்து நாலு மணிக்கு எனக்கு வேற வேல கீது. எப்டிச் சொல்றதுன்னு நானே பேஜார்ல இருந்தேன்" என்றார் மாமா.

நான் அதை அப்படியே நம்பினேன். நல்லவேளை, மாமாவுக்கும் வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கோயிலுக்கு ஓடினேன்.