லாரி போய்விட்டது, கல் கிடக்கிறது

எங்கள் முதலமடையில் மாங்காய் லாரி பஞ்சரானால், பின்னால் வருபவர்களுக்கு அடையாளமாக நாலு பெரிய கல்லையும் ஒரு மாங்கிளையையும் ரோட்டில் வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வைக்க நேரம் இருப்பவர்களுக்கு எடுக்க நேரம் இருப்பதில்லை. டயரை மாற்றியதும் லாரி போய்விடும், கல் அங்கேயே கிடக்கும்.

போன சீசனில் ஒரு ராத்திரி மனைவியோடு ஸ்கூட்டரில் வந்தேன். எதிரே வந்த ஜீப்பின் வெளிச்சத்தில் கண் கூசியது. பழகின ரோடுதானே என்று கெத்தாக ஓட்டியவன், அப்படிக் கிடந்த கல்லில் மோதி மாங்கிளைமேல் விழுந்தேன். கிளை முறிந்ததே தவிர எனக்கு ஒன்றுமில்லை. என் எடை அப்படி. மனைவி நடு ரோட்டில் கிடந்தாள். பின்னால் வந்த லாரி அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங்க, கல்லு தெரியலீங்களா?" என்றார்.

"உங்க ஆளுங்க வெச்ச கல்லுதானுங்க. எடுத்துப் போடக் கை வரலீங்களா?" என்று கத்தினேன்.

மனைவி அடிபட்ட தன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அவரை அப்புறம் திட்டிக்கலாமுங்க. லைட்டு கண்ணுல அடிச்சப்ப நீங்க ஏனுங்க ஆக்சிலேட்டர முறுக்குனீங்க?"

அவளுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டு பிரிக்கும்வரை என் சமையலைச் சாப்பிட்டது தனி விபத்து.

இப்போது கண் கூசினால் வேகத்தைக் குறைத்து வண்டியை உருட்டத்தான் செய்கிறேன். ஆனால் கோபம் மட்டும் ஆறவில்லை. போன வாரம் டயர் மாற்றிவிட்டுக் கிளம்பிய ஒரு லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"வழி விடுங்க, லோடு அழுகிப்போயிரும்" என்றார் கிளீனர்.

"அழுகட்டுமுங்க. கல்லை எடுங்க" என்றேன். கடைசிக் கல்லும் ஓரம் போன பிறகுதான் நகர்ந்தேன்.