பிடியரிசிக் கலயம்

முப்பதுகளின் நடுவில் நான்கு வருஷம் ஊர் சுற்றினேன். வேண்டுதல், யாத்திரை எதுவும் இல்லை. சும்மா சுற்றினேன். ஒரு துணிப்பை, ஒரு செம்பு, ஒரு போர்வை, அவ்வளவுதான் என் சொத்து. வீடு, வேலை, பெண்டாட்டி என்று ஒரே ஊரில் கிடப்பவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். செக்குமாடுகள் என்பேன். அந்தச் செக்குமாடுகள் உழைத்து ஆக்கிய சோற்றைத்தான் நான்கு வருஷமும் தின்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் ஊர்சுற்றி இனத்துக்கென்று ஒரு பெருமை உண்டு. சத்திரத்தில் நாலு பேர் கூடினால், யார் அதிக தூரம் நடந்தது, யார் கைக்காசைத் தொடாமல் அதிக நாள் ஓட்டியது என்றுதான் பேச்சு. ஸ்ரீவில்லிபுத்தூரில் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு கோயில் பிரசாதம் வாங்குவேன். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீட்டு வாசலில் நின்று, எனக்குத் தெரிந்த நாலே நாலு தெலுங்கு வார்த்தையை எடுத்துவிட்டால் மோர்ச்சோறு வந்துவிடும். இதையெல்லாம் சாமர்த்தியம் என்று நினைத்தேன். பிச்சை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சத்திரத்தில் மூன்று நாளைக்கு மேல் தங்க விடமாட்டார்கள். மூன்றாம் நாள், பக்கத்தில் படுத்திருந்த இன்னொரு ஊர்சுற்றி சொன்னான்: "கான்சாபுரத்து வேதக்கோயில்ல வார ஞாயித்துக்கெழம அசனமாம்ல. கறிச்சோறு." அறுப்பு முடிந்தபின் கிறிஸ்தவர்கள் கோயிலில் ஊரோடு உட்கார்ந்து உண்ணும் விருந்துக்குத்தான் அசனம் என்று பெயர். சிறு வயதில் இரண்டு வருஷம் மிஷன் பள்ளி விடுதியில் இருந்தவன் நான். அதன் ருசி தெரியும். நாமத்தை அழித்துவிட்டு நடந்தேன். அன்று புதன்கிழமை.

கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பி, கான்சாபுரம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவர், "எங்கய்யா போறீய?" என்று கேட்டார். கர்த்தருடைய ஊழியத்துக்காக, வேதம் சொல்லிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறேன் என்றேன். கூசாமல் வந்தது அந்தப் பொய். மனிதர் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

புருஷன், பெண்டாட்டி, ஐந்து வயதுப் பெண் குழந்தை. ஒரே அறைக் குடிசை. அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. எனக்குச் சுடச்சுடச் சோறு போட்டார்கள். நான் உண்டு முடித்தபின் அவர்கள் மூவரும் அடுப்படியில் உட்கார்ந்து கம்மங்கஞ்சி குடித்தார்கள். பார்த்தேன். பார்க்காதவன் போல் இருந்தேன்.

மறுநாள் அந்த அம்மாள் மூலையிலிருந்த சிறு கலயத்தின் துணியை அவிழ்த்து அரிசி எடுப்பதையும் பார்த்தேன். அது பிடியரிசிக் கலயம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று எடுத்து வைத்து, அசனத்தன்று கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். அரிசி உலை கொதிப்பதே அபூர்வமான வீட்டில் அது ஒரு வருஷச் சேமிப்பாக இருக்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும். "எனக்கும் கஞ்சியே போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கொடுப்பதில்தான் ஏழைகளுக்குச் சந்தோஷம் என்று எங்களுக்குள் ஒரு வேதாந்தம் உண்டு. அதைச் சொல்லிக்கொண்டு சனிக்கிழமைவரை தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து, முன்னால் இருந்த பெரிய பெட்டியில் அரிசியைக் கொட்டினார்கள். அந்த அம்மாளின் கலயத்திலிருந்து ஒரு பிடிகூட விழவில்லை.

"என்னம்மா, ஒண்ணுமில்லியே?" என்றார் ஆராதனை நடத்திய உபதேசியார்.

"வீட்டுக்கு ஊழியக்கார அய்யா வந்திருந்தாவ. அவியளுக்கு ஆக்கிப் போட்டேன். கோயிலுக்குக் குடுக்கதும் ஊழியக்காரருக்குக் குடுக்கதும் ஒண்ணுதானேன்னு நெனச்சிட்டேன்."

பின்னால் ஒருத்தி சிரித்தாள். "இவ தின்னுட்டு அவிய மேல பழியப் போடுதாளே!"

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "அப்படியாய்யா?"

ஆமாம் என்றால் எந்த மிஷன், யார் அனுப்பியது என்று அடுத்த கேள்வி வரும். அசனமும் போகும். தலையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: "குடுத்ததச் சாப்பிட்டேன், அய்யா. என்னன்னு கவனிக்கல."

"சாப்பாட்டக் கவனிக்கிற மனுசனா அவிய!" என்று கூட்டத்தில் ஒரு குரல் மெச்சியது. அந்த அம்மாள் வெறுங்கலயத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்தபடி வெளியே போனாள். புருஷனும் பின்னாலேயே போனார். அசனத்தன்று உண்ணாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அவர்கள் போனார்கள். நான் பந்தியில் உட்கார்ந்தேன். கறி நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

என் பை அவர்கள் வீட்டில் இருந்தது. போகாமல் முடியாது. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவள்தான் பையை எடுத்து வந்து கொடுத்தாள். அழுதிருந்தாள்.

"வயிறு நெறயச் சாப்பிட்டீயளாய்யா?"

"சாப்பிட்டேம்மா."

"கர்த்தருக்குன்னு வச்சதுல கை வச்சது தப்புத்தான். புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். போறதுக்கு முந்தி எனக்காவ ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்கய்யா."

முழங்காலிட்டுத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். குழந்தையும் பக்கத்தில் முழங்காலிட்டது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கறிக்குழம்பு மணம் போகாத கையை அவள் தலைமேல் வைத்து, இவளுடைய பாவத்தை மன்னியும் ஆண்டவரே என்று கேட்டேன்.