சோலையம்மாளுக்கும் ஒரு படம்

செக்கானூரணிப் பக்கத்தில் சோலையம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம். ஊமச்சி என்றுதான் ஊர் சொன்னது. ஆனால் அவளோடு ஒருமுறை ஆட்டு வியாபாரம் பண்ணியவன், அதற்கப்புறம் அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துத்தான் வாயில் எடுப்பான்.

ஆட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேரம் பேசும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. வாயால் பிழைக்கிற ஊர் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஊமையாகிவிடுவதால், சோலையம்மாளுக்குச் சந்தை சொந்த வீடு மாதிரி. துண்டுக்குப் பதில் முந்தானை, அவ்வளவுதான். பொம்பளை கையைப் பிடித்து வியாபாரமா என்று முணுமுணுத்த பெரிய மனுஷர்களும் நல்ல கிடா வேண்டுமென்றால் அவளிடம்தான் வந்து நின்றார்கள். அந்தச் சம்பாத்தியத்தில் தாயில்லாத தம்பி விருமாண்டியை வளர்த்தாள். முறைப்பெண் ஒச்சாயியை அவனுக்குக் கட்டிவைத்தாள். அவளைப் பெண் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை.

தம்பி மகள் ஜெயக்கொடிக்கு அத்தை என்றால் உயிர். ஒன்றரை வயதில் வீட்டை ரெண்டாக்கிக்கொண்டு திரிந்தது. ஆனால் பின்னால் நின்று தட்டைத் தட்டினால் திரும்பவில்லை. தலையும் வயதுக்கு மீறிப் பெரிசு. எண்பத்தேழாம் வருஷம் அதை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியது அத்தைதான், வேறு யார் இடுப்பிலும் அது தங்காது.

மூளை டாக்டர் கைலாசநாதன், ஊருக்கு அப்போதுதான் புதிதாய் வந்திருந்த ஸ்கேன் மெஷினில் குழந்தையின் தலையைப் படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவர் முகம் சுருங்கியது. முகங்களைப் படித்தே பிழைத்தவள் சோலையம்மாள். குழந்தையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

"மூளைக்குள்ள நீர் நிக்கிற அறை ரெண்டும் பெருத்துக் கிடக்கு" என்றார் டாக்டர். "வலது பாதியையும் இடது பாதியையும் சேர்க்கிற பாலம் முழுசா வளரலை. நடுவுல ஒரு நீர்க்கட்டி வேற. மண்டையில துளை போட்டு, குழாய் வச்சு நீரை இறக்கணும்."

"அப்படி வச்சா புள்ளைக்குக் காது கேக்குமாய்யா?" என்றான் விருமாண்டி.

"காது வராதுப்பா. விட்டா மூளை கெட்டுடுமோன்னு பயமா இருக்கு. ஆபரேஷன்லயும் ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன்." குழந்தையின் காதைத் தொட்டுவிட்டு அவர்கள் பக்கம் கையை வீசினார். "வீட்டுல வேற யாருக்காவது பிறவியிலேயே காது கேக்காம இருக்கா?"

விருமாண்டி இல்லையென்று தலையாட்டினான். அவன் பொய் சொல்லவில்லை. அம்மை போட்டதில் அக்காவுக்குக் காது போனதாகத்தான் அப்பன் அவனுக்கும் ஊருக்கும் சொல்லி வைத்திருந்தார். பிறவிக் குறை என்று தெரிந்தால் அந்த வீட்டில் யார் சம்பந்தம் பண்ணுவார்கள்?

சோலையம்மாள் முகத்தில் ஒரு அம்மைத் தழும்பு கிடையாது. டாக்டரின் கையையும் தம்பியின் தலையாட்டலையும் பார்த்துவிட்டு அவள் விறுவிறுவென்று முன்னால் வந்தாள். தன் காதைப் பொத்தினாள். இல்லாத தொட்டிலை ஆட்டினாள். மறுபடி காதைப் பொத்தினாள். அப்புறம் ஜெயக்கொடியின் காதையும் பொத்திக் காட்டினாள்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இவங்களையும் படம் எடுக்கணும்."

மூக்குத்தியைக் கழற்றுவதற்கு ஒரு சண்டை நடந்தது. கழற்றிய பிறகும், அது ஒச்சாயி கையில் பத்திரமாக இருக்கிறதா என்று மெஷினுக்குள் தலை போகிற வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். அளவுதான் வேறு. அதே பெருத்த அறைகள், அதே அரைகுறைப் பாலம், அதே நீர்க்கட்டி.

டாக்டரால் நம்ப முடியவில்லை. பாலம் சரியாக இல்லாதவர்களுக்கு இடது கை அறிந்தது வலது கைக்குத் தெரியாமல் போகலாம் என்பது அவர் படித்தது. அதைச் சோதிக்க, மேஜை மேல் நீட்டிய கைகளை ஒரு துவாலையால் மூடினார். உள்ளே கைவிட்டு ஒரு கையில் எந்த விரலைத் தொடுகிறாரோ, மறு கையில் அதே விரலை ஆட்ட வேண்டும். முதலில் விருமாண்டியை வைத்துச் செய்து காட்டினார். பிறகு சோலையம்மாள் கைகள் மேல் துவாலையைப் போட்டார்.

அவர் தொடத் தொட அவள் விரல்கள் டக்டக்கென்று பதில் சொல்லின. ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டர் வேகத்தைக் கூட்டினார். சோலையம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. துவாலைக்குள்ளேயே அவர் விரல்களை எட்டிப் பிடித்து, இரண்டை அழுத்தி ஒன்றை மடக்கிவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"என்ன சொல்றாங்க?"

விருமாண்டிக்குச் சிரிப்பு முட்டியது. "ஆட்டு வெலை பேசுதுங்கய்யா. நீங்க சொன்ன வெலை கட்டாதாம்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் மறுபடி படங்கள் பக்கம் திரும்பி, பெரிய படத்தை விரலால் தட்டினார்.

"இந்தப் படத்தை மட்டும் எங்கிட்ட கொடுத்திருந்தா, இவங்க படுத்த படுக்கையா இருப்பாங்கன்னு எழுதியிருப்பேன். இதுக்கு என்ன பேர்னு எனக்குத் தெரியலைப்பா. ஆனா குழந்தைக்கு இப்ப கத்தி வேண்டாம். மாசாமாசம் கொண்டு வாங்க, தலையை அளந்து பார்க்கலாம். வாந்தி எடுத்தாலோ சோர்ந்து விழுந்தாலோ அன்னைக்கே வந்துடணும்."

விருமாண்டி அவ்வளவு பெரிய ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதான். அது சந்தோஷ அழுகை என்று சோலையம்மாளுக்கு எப்படித் தெரியும்? பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். கத்தியோடு எவன் கிட்டே வந்தாலும் அடித்துவிடுகிற முகம் அது.

விருமாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் போனான். தலையில் கத்தி வைப்பது போல் காட்டி, இல்லை என்று கையை விரித்தான். அவள் நம்பவில்லை. ஏன் என்று கையைத் திருப்பினாள்.

அவன் குழந்தையைக் காட்டினான். அவளைக் காட்டினான். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒட்டவைத்தான். இது உன்னை மாதிரி.

அந்தச் சைகையை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பேச்சு வராத பிள்ளைகளைக் காட்டிக் குழாயடியில் செய்வார்கள், பஸ்ஸில் செய்வார்கள். போன மாதம் ஒச்சாயிகூட அழுதுகொண்டே செய்தாள். சிரித்த முகத்தோடு ஒருவர் அதைச் செய்து அவள் கண்டதில்லை.

தம்பியின் கையைப் பிடித்து, இன்னொரு தடவை காட்டச் சொன்னாள்.