பல்பு வயரும் பொம்மை நூலும்

மரப்பொம்மைக்குக் கண் இமைக்காது. சின்ன வயதில் எனக்கு அதுதான் பயம். ராக்கெட் வெடிக்கட்டும், கிரகமே தீப்பிடித்து எரியட்டும், டிவித் தொடரில் வந்த அந்தப் பொம்மைகள் கண்ணை அகல விரித்தபடி பார்த்துக்கொண்டே இருக்கும். கத்தத் தெரியாத ஜென்மங்கள் என்று அப்போதே எனக்கு எரிச்சல் வரும். எரிச்சலோடுதான் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் அந்தக் காலத்தில் ஒரே ஒரு டிவிதான், கணக்கப்பிள்ளை வீட்டில். அவர்கள் உள்ளே நாற்காலியில் இருந்து பார்ப்பார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் பிள்ளைகள் நாங்கள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கறுப்பு வெள்ளைப் படம், அதிலும் பாதி புள்ளி. பொம்மைகள் பேசியதெல்லாம் இங்கிலீஸ். எங்களுக்கு ஒரு மண்ணும் விளங்காது. அதனால் என் அண்ணன் தமிழில் பேசுவான். பொம்மை வாயைத் திறந்தால் போதும், இவன் குரல் கொடுப்பான். விண்வெளித் தளத்தின் தலைவர் எங்களுக்குத் தோட்டத்துத் தொரை. அவருக்குக் கீழே நின்ற மீசைப் பொம்மை, வேலை வாங்குகிற கண்டாக்கு. காலையில் ராக்கெட்டுகள் வரிசையாகக் கிளம்பினால் அது வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு. "ஏய், மூணாம் நம்பர் ராக்கெட்டு ஏன் லேட்டு? அரைப் பேருதான், அரை நாள் சம்பளந்தான் போடுவேன்" என்று தொரை கத்துவார். ஜன்னலில் தொங்கிய அத்தனை பேரும் சிரிப்போம். உள்ளே இருந்து கணக்கப்பிள்ளை அதட்டுவார்.

"பொம்மைக்கு மேல நூல் தெரியுது அண்ணே" என்று ஒருநாள் சொன்னேன். "நூலும் இல்ல கீலும் இல்ல. ஒனக்குக் கண்ணுல கோளாறு" என்றான். நம்பினேன்.

இதையெல்லாம் மறந்து எத்தனையோ காலம். நான் இப்போது கொட்டகலை பஜாரில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக்கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீடு பஜாருக்கு மேலே இருக்கிறது. கல் வீடு, சொந்த வீடு. லயத்தில் பிறந்தவளுக்கு அந்தச் 'சொந்த' என்கிற சொல் எவ்வளவு பெரியது என்று லயத்தில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். அண்ணனும் அண்ணியும் இன்னும் அதே லயத்தில், வரிசையின் கடைசி ஒற்றை அறைக் காம்பிராவில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வேறு வீடில்லை. மலைதான்.

கொழும்பில் வேலை செய்யும் என் மகள் அந்தப் பொம்மைத் தொடரை இணையத்தில் கண்டுபிடித்தாள். பழைய ஃபிலிமைக் கழுவித் துடைத்து, எச்டியில், கலரில் புதிதாக விட்டிருக்கிறார்களாம். பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். தீபாவளிக்கு அண்ணனுக்கு ஒரு பெரிய டிவி வாங்கிக் கொடுத்தேன். இனி ஞாயிற்றுக்கிழமை பகலில் அங்கே போய் எல்லாரும் சேர்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

போன வருச மழைக்குப் பிறகு அதிகாரிகள் சிலர் அந்த லயத்துக்கு வந்திருந்தார்கள். அண்ணன் காம்பிராவின் பின் சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை சீமெந்து வைத்து ஒட்டினார்கள். சிங்களத்தில் சொன்னதை அண்ணன்தான் லயத்துக்குத் தமிழில் சொன்னான். கண்ணாடி உடைந்தால் மலை அசைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் ஒரு நிமிசம் நிற்கக் கூடாது, லயமே வெளியே போய்விட வேண்டும்.

தீபாவளி முடிந்து நான் போனபோது காம்பிரா பளிச்சென்று சுண்ணாம்பு அடித்திருந்தது. டிவியை அண்ணனே மாட்டியிருந்தான், சரியாக அந்தப் பின் சுவரில்.

"கண்ணாடி எங்க அண்ணே?"

"டிவிக்குப் பின்னாடி. அது பாட்டுக்கு இருக்கு. நீ ஒக்காரு."

உட்கார்ந்தேன். வாசலில் பக்கத்துக் காம்பிராக்காரர்கள் கூடிவிட்டார்கள். அண்ணி எல்லாருக்கும் பாலில்லாத சாயத்தண்ணி ஊற்றினார். படம் ஓடியது.

அப்பா, என்ன துல்லியம்! தொரையின் கோட்டில் தையல் தெரிந்தது. கண்டாக்கின் கன்னத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. வானம் ஒரு திரைச்சீலை, அதில் மடிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே நூல். தலையில், தோளில், கையில், மணிக்கட்டில், ஒவ்வொரு பொம்மைக்கும் மினுங்கிக்கொண்டு நூல். "பாத்தியா, கோளாறு யாரு கண்ணுல?" என்று அண்ணனைக் கிள்ளினேன். அவன் பழையபடி தொரைக் குரலில் பேச ஆரம்பித்தான். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, நக்கல் அப்படியே இருந்தது.

அண்ணிதான் முதலில் சொன்னார், "டிவி கோணலா இருக்குல்ல?"

இருந்தது. காம்பிராவின் நடுவில் கூரைக் கட்டையிலிருந்து வயரில் ஒரு பல்பு தொங்குகிறது. டிவிக்குள் பொம்மை நூல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, முன்னால் பல்பு வயர் நேராக நின்றது. தொங்குகிற வயர் பொய் சொல்லாது. வயருக்கும் நூலுக்கும் பொருந்துகிற மாதிரி அண்ணன் டிவியைத் திருகி நிமிர்த்தினான். "நானே மாட்டுனது, கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றான்.

அடுத்த ஞாயிறு போனபோது மறுபடியும் கோணல். மறுபடியும் திருகினான். அன்றைக்குக் கதவு நிலையில் இறுகி, தோளால் இடித்துத்தான் உள்ளே போனேன். மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்றார் அண்ணி. கால் கழுவ, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனேன். கண்ணாடி மாதிரி விழுகிற தண்ணீர் அன்றைக்கு சாயத்தண்ணி நிறத்தில் விழுந்தது. மேலே யாராவது மண் வெட்டுகிறார்களா என்று கேட்டேன். எல்லாரும் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு மலை விழுகிற கதை வந்தது. ஒரு கிரகத்தில், மலைக்கு அடியில் பொம்மைகளின் சின்ன ஊர். முதலில் ஓடைத் தண்ணீர் கலங்குகிறது. பிறகு ஒரு கல் உருள்கிறது. பிறகு மலை முழுவதும் மெதுவாக, அவசரமே இல்லாமல், இறங்கி வருகிறது. அது வெறும் மரத்தூளும் சீமெந்துத் தூளும்தான், எச்டியில் நன்றாகவே தெரிந்தது. பொம்மைகள் கண்ணை விரித்தபடி நின்று பார்த்தன. ஒன்றுகூட ஓடவில்லை.

அண்ணன் பேசவில்லை. சின்ன வயதிலும் இந்த ஓர் இடத்தில் மட்டும் அவன் பேசாமல் நின்றது அப்போது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் இருந்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து போய் டிவிக்குப் பின்னால் கையை விட்டேன். சுருக்கென்றது. வெளியே எடுத்தபோது நடுவிரலில் ரத்தம். கண்ணாடி இரண்டாக உடைந்து, முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெடிப்புக்குள் என் விரல் தாராளமாகப் போனது.

"எப்ப ஒடஞ்சிச்சு?"

"தீவாளிக்கு முன்னுக்கே" என்றான் அண்ணன். டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நீ சாகுறதுன்னா சாவு. இந்த லயத்துல எத்தன புள்ளைங்க இருக்கு! அவங்கள்லாம் ஒன்ன நம்பித்தான படுக்குறாங்க? மறைச்சு வைக்க நீ யாரு?" என்று கத்தினேன்.

"கத்தாதம்மா" என்றார் அண்ணி. "லயம் பூரா தெரியும். எல்லாரும் சேந்துதான் ஆபீசருங்ககிட்ட சொல்ல வேணாம்னு பேசுனோம்."

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"மேல் டிவிசன்காரங்க போனாங்களே, என்னா ஆச்சு?" அண்ணன் கேட்டான். "கொஞ்ச நாளைக்குன்னு சொல்லித்தான் கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் தகரக் கொட்டாய்லதான் கெடக்குறாங்க. வெளிய வந்த ஒடனே காம்பிராவ இடிச்சிட்டாங்க. திரும்பிப் போக எடம் இல்ல. எனக்கு இந்தக் காம்பிரா, ஒரு மாடு, நாலு பாத்தி லீக்ஸ். இதுல எதுவும் எம்பேர்ல இல்ல. வெளிய கால வச்சா அம்புட்டுதான்."

"நான் இருக்கேன்ல? என் வீடு இருக்குல்ல?"

"ஒன் வீடு ஒன் வீடும்மா."

நான் பையை எடுத்துக்கொண்டேன். வாசல்வரை வந்தவன் மெதுவாகச் சொன்னான், "அன்னைக்கே நூல் தெரிஞ்சிச்சு. எனக்கும் நல்லாவே தெரிஞ்சிச்சு. தெரியுதுன்னு சொல்லியிருந்தா யாரு அப்புறம் படம் பாக்குறது?"

இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்தது. மலைநாட்டு மழை எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த மழையில் ஒரு இடைவெளியும் இல்லை. வேலையில் நிற்க முடியவில்லை. காய்ச்சலுக்குப் பனடோல் கேட்டவருக்கு வேறு எதையோ எடுத்துக் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பார்மசிக்குப் பின்பக்கம் போய் அண்ணனுக்கு வீடியோ கால் எடுத்தேன்.

"ஒண்ணும் இல்ல, சும்மா பயப்படாத" என்றான். "டிவிகூட இப்ப அசையிறதே இல்ல. செவுத்தோட சேத்து ஆணி அடிச்சு இறுக்கிட்டேன். நீயே பாரு." போனைத் திருப்பிப் பிடித்தான்.

பார்த்தேன். டிவியில் தொரையின் முகம், நிறுத்தி வைத்த படம். டிவி நேராக இருந்தது. சுவரும் நேராக இருந்தது. கதவு நிலையும் சுவரோடு ஒத்துப்போனது. காம்பிராவில் ஒன்றே ஒன்றுதான் சாய்ந்திருந்தது. நடுவில் தொங்கிய பல்பு வயர்.

"அண்ணே, மேல பாரு. வயர் சாஞ்சிருக்கு."

"வயர் எப்பிடி சாயும்?" என்று சிரித்தான்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. போனை எங்கோ வைத்துவிட்டான். அண்ணியைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு லயத்து வாசலில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவது கேட்டது. அது தொரைக் குரல் இல்லை. அவனுடைய சொந்தக் குரலில், உடைந்துபோய், "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்று கத்தினான். போனில் வெறும் காம்பிராவும் வயரும் தெரிந்தன. அந்த வயரைப் பார்த்தபடியே பார்மசிச் சுவரில் சாய்ந்து நான் அழுதேன்.

எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மாடும் வந்தது. லயம் இன்னும் விழவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு அப்படியே நிற்கிறது. மற்றவர்கள் தகரக் கொட்டாயில் இருக்கிறார்கள். அண்ணனும் அண்ணியும் என்னோடு. மழை விட்ட ஒரு பகலில் அவன் எனக்குச் சொல்லாமல் லயத்துக்குப் போய் டிவியைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, முதுகில் சுமந்துகொண்டு வந்தான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். காதில் வாங்காமல் ஒரு நூலும் பெரிய நட்டும் கேட்டான்.

என் வீட்டு ஹோலில் தொங்குகிற பல்பு இல்லை, எல்லாம் டியூப் லைட். சுவரை ஒட்டிய கூரைக் கட்டையில் ஆணி அடித்து நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டான். ஆடி அடங்கியதும், நூல் நின்ற இடத்தில் சுவரில் மேலிருந்து கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டான். என் கல் வீட்டுச் சுவரில் கோடு!

"இது எதுக்கு இங்க?" என்றேன்.

"ஒன் வீட்டுக்குப் பின்னாடி என்னா இருக்கு?"

ஜன்னலைப் பார்த்தேன். என்ன இருக்கும்? மலைதான்.

இப்போது காலையில் எழுந்தால் முதலில் அந்த நூலைத்தான் பார்க்கிறேன். எல்லா நாளும் கோட்டின் மேலேயே நின்றது. முந்தாநாள் இரவு முழுவதும் மழை. நேற்றுக் காலை நான் எழுந்தபோது நூலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு இழை இடைவெளி தெரிந்தது. அதற்குள் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தேன். போனது. அண்ணனும் அண்ணியும் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் நூலை அவிழ்த்துச் சுருட்டி அலமாரியில் வைத்தேன். சமையலறையில் இருந்த கலண்டரை எடுத்து வந்து கோட்டின் மேல் மாட்டிவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனேன்.